செயற்கைக் கோள் யாருக்காக?

2016 ஜூலை 22 காலையில் தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலுக்கு மேலே ரேடாரிலிருந்து மறைந்தது. உள்ளே 29 பேர். அவர்களில் எட்டுப் பேர் சிப்பாய்கள் அல்லர். விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவில் ஊழியர்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலைத் தோழர்களைப் போலப் பாதுகாப்பு இலாகாவில் உழைத்துப் பிழைத்த குடும்பஸ்தர்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் இதை யார் வீட்டுத் துக்கமோ என்று விட்டுவிட முடியாது.

வாரக்கணக்கில் தேடினார்கள். செப்டம்பர் 15-ல், 29 பேரும் இறந்ததாகக் கருத வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். 2024 ஜனவரியில்தான் சிதைவுகள் கிடைத்த செய்தி வந்தது. பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, சென்னையிலிருந்து 140 கடல் மைலில், 3,400 மீட்டர் ஆழத்தில் அவற்றைப் படம் பிடித்திருந்தது. விஞ்ஞானிகளைப் பாராட்டுகிறோம். ஆனால், ஏழரை ஆண்டு!

பூமி வளைந்திருப்பதால் கரையிலுள்ள ரேடாரின் பார்வை சில நூறு கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அபாய ஒலிபரப்பியின் அலையோ தண்ணீருக்குள் மூழ்கினால் வெளியே வராது. ஆகவே, பறக்கும்போதே விமானம் தன் இருப்பிடத்தைச் செயற்கைக் கோளுக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 2014-ல் 239 பேருடன் மலேசிய விமானம் காணாமற் போனபின், கடல் கடக்கும் பெரிய பயணி விமானங்களின் இருப்பிடம் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை தெரிய வேண்டுமென்ற சர்வதேச விதி 2018 நவம்பரில் அமுலுக்கு வந்தது. ராணுவ விமானங்கள் அதில் சேரா. 1944 சிக்காகோ ஒப்பந்தமே அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. டிக்கெட் வாங்கியவனுக்கு ஒரு நியாயம், உத்தரவின் பேரில் ஏறியவனுக்கு வேறொன்றா?

பனிப்போரின் நடுவிலேயே சோவியத் யூனியனும் அமெரிக்காவும் கனடாவும் பிரான்சும் ஆபத்திலிருப்போரைத் தேடக் கைகோத்தன. 1982-ல் சோவியத் ஏவிய காஸ்மாஸ்-1383 கேட்ட அபாயக் குரலால் கனடாவில் விழுந்த சிறு விமானத்தின் மூவர் பிழைத்தனர். அந்தச் சேவைக்கு இன்றும் கட்டணமில்லை.

பணமில்லை என்ற பேச்சும் எடுபடாது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக் கோள் கருவியை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை 2024-ல் சர்க்காரே தொடங்கியது. நல்ல காரியம். மீனவனுக்கு முடிந்தது சிப்பாய்க்கு ஏன் முடியாது? 2019 ஜூனில் அருணாசல மலையில் 13 பேருடன் விழுந்த இன்னொரு ஏ.என்.-32-ஐக் கண்டுபிடிக்கவும் எட்டு நாள் ஆயிற்று.

ராணுவப் போக்குவரத்து விமானங்களில் எத்தனைக்கு இந்தக் கருவி பொருத்தியாகிவிட்டது, மீதிக்கு எந்தத் தேதிக்குள் பொருத்தப்படும் என்பதைப் பாதுகாப்பு மந்திரி பார்லிமெண்டில் அறிவிக்க வேண்டும் எனக் கோருகிறோம். பாதுகாப்புத் துறை ஊழியர் சங்கங்களும் இக்கோரிக்கையை நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும்.