காலிக் கட்டமும் கற்பனைத் தேதியும்

பழனி மலைத் தொடரில் பாச்சலூர் போன்ற ஊர்களில், வீட்டிலேயே பிறந்து வளர்ந்த முதியவர்களிடம் பிறந்த தேதி கேட்டால், தேதி வராது, சரித்திரம் வரும். "வெள்ளைக்காரன் போன வருஷம் நான் கைக்குழந்தை" என்று ஒரு பாட்டியம்மாள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 1946 அல்லது 1947 என்று ஊகிக்கலாம். மாதமும் நாளும் ஆண்டவனுக்கே வெளிச்சம். பிறப்பு இறப்புகளைப் பதிய நாடு முழுமைக்குமான சட்டமே 1969-ல்தான் வந்தது. ஆகவே பாட்டியைக் குற்றம் சொல்வதற்கில்லை.

பாட்டியின் மனு கம்ப்யூட்டருக்குள் புகுகிறது. குமாஸ்தா நேர்மையானவர், தெரியாத தேதிக்குரிய கட்டத்தைக் காலியாகவே விடுகிறார். ஆனால் அந்தக் காலி, டேட்டாபேஸ் என்னும் பதிவேட்டை அடைவதற்குள் படும் பாடு இருக்கிறதே! செயலி அதை எழுத்தே இல்லாத வெற்றுச் சொல்லாக அனுப்பினால், எஸ்.க்யூ.எல். ஸெர்வர் மறுபேச்சின்றி 1900 ஜனவரி 1 என்று எழுதிவிடும். ஒரு நொடியில் பாட்டிக்கு 125 வயதுக்கு மேல்! டாட்நெட்டில் எழுதிய செயலியிலோ, தேதிக்கு ஒன்றும் கொடாவிட்டால் கி.பி. 1-ஆம் ஆண்டின் ஜனவரி 1 வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அந்த ஸெர்வரின் பழைய தேதிக் கட்டம் ஏற்காது. 1753-க்கு முந்திய தேதி கூடாதென்று திருப்பிவிடும். அதென்ன 1753? 1752 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பஞ்சாங்கத்தைத் திருத்தி 11 நாட்களை விழுங்கியது. அந்தக் குழப்பம் வேண்டாமென்று அடுத்த வருஷத்தில் எல்லை கட்டினார்கள். வெள்ளைக்காரன் போயும் பாட்டியை விட்டபாடில்லை! காலியை எடுத்த எடுப்பிலேயே "இது தேதியல்ல" என்று மறுத்துவிடும் போஸ்ட்கிரெஸ்தான் நமக்குப் பிடித்திருக்கிறது.

பரிகாரம் உண்டு. "நல்" என்று ஒரு குறி இருக்கிறது. தமிழ்க் காதுக்கு நல்ல சகுனமாகவே ஒலிக்கிறது. அது பூஜ்யமல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. மதிப்பே இல்லை என்பதன் அடையாளம். பதிவேட்டின் கட்டம் அதை ஏற்குமாறு அமைய வேண்டும். செயலியும் காலியைக் கண்டால் அதையே அனுப்ப வேண்டும். டாட்நெட்டில் தேதி வகையின் பெயரை அடுத்து ஒரு கேள்விக்குறி இட்டால், அது காலியாயிருக்க அனுமதி கிடைத்துவிடும். பாட்டிக்குப் பொருத்தமான குறிதான்! ஊகித்த வருஷத்தை, ஊகம் என்ற குறிப்புடன், தனிக் கட்டத்தில் வைக்கலாம்.

"கட்டாயக் கட்டம், எதையாவது போடு" என்பதுதான் வழக்கமான பதில். ஆதாரில், சான்றின்றி வயதை மட்டும் சொன்னவர்களுக்கு ஜனவரி 1 என்று பதிந்தார்கள். 2017-ல் ஹரித்துவாரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வீட்டுக்கு வீடு ஜனவரி 1 பிறந்த நாளாயிருந்தது பத்திரிகைகளில் வெளிவந்தது. சான்றுள்ள தேதியா, உத்தேசமா என்று குறிக்கவும் ஆதாரில் இடம் வைத்தார்கள், அது புத்திசாலித்தனம். ஆனால் தேதி ஓர் ஆபீஸிலிருந்து மற்றோர் ஆபீஸுக்குப் போகும்போது குறிப்பு பின்தங்கிவிட்டால், ஊகம் சத்தியமாகிவிடும். நமது மாநிலத்தில் முதியோர் உதவித் தொகைக்கு 60 வயது நிரம்ப வேண்டும். விளிம்பில் நிற்கும் ஏழைக்குச் சில மாதங்கள் என்பது சில மாதச் சோறு.

இறந்த தேதி என்று இன்னொரு கட்டமும் பல பதிவேடுகளில் உண்டு. உயிரோடிருப்பவருக்கு அது காலியாகத்தான் இருக்க வேண்டும். அங்கேயும் 1900 ஜனவரி 1 என்று விழுந்துவிட்டால், பாட்டி பிறந்த அன்றே காலமானவராகிவிடுவார். அப்புறம் பாச்சலூரிலிருந்து பஸ் ஏறி மலையிறங்கி வந்து, "இதோ இருக்கிறேனே, ஐயா!" என்று நேரில் நின்றாலும் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.