ஜவரி தெரு மைதானம் கைமாறக் கூடாது

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் மோக்கா என்றொரு பழைய தொழிலாளர் பேட்டை. அங்குள்ள ஜுவென்டஸ் கால்பந்து கிளப்பின் உறுப்பினர்கள், கால்பந்துப் பிரிவைத் தனி நிறுவனமாக்கி முதலீட்டாளர்களிடம் ஒப்படைக்க 2025-ல் சம்மதித்தார்கள். கீழ் டிவிஷனில் காலம் தள்ளும் கிளப்புக்குப் பணம் வேண்டும்; அதில் தப்பில்லை. ஆனால், எதைக் கொடுத்தாலும் தன் ஜவரி தெரு மைதானத்தை மட்டும் கைநழுவ விடக் கூடாது.

இந்தக் கிளப் பஞ்சாலையில் பிறந்தது. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ரொடோல்ஃபோ கிரெஸ்பியின் ஆலை அது. 1917-ல் சாவ் பாவ்லோவையே முடக்கிய பொது வேலைநிறுத்தம் அந்த ஆலையில்தான் மூண்டது. முதலில் வேலையை நிறுத்தியவர்களில் பெண்கள் ஏராளம். அதே ஆலைத் தொழிலாளர்கள் 1924 ஏப்ரலில் இந்த அணியைத் தொடங்கினார்கள். மூன்றே மாதத்தில் நகரில் ராணுவக் கிளர்ச்சி வெடித்து, அரசுப் படையின் குண்டுவீச்சில் ஆலையும் சேதமானது. அணி பிழைத்துக்கொண்டது.

1930-ல் கிளப்புக்கு டுரின் நகரின் யுவென்டஸ் பெயரைச் சூட்டினார்கள். சட்டை நிறமோ, அந்த யுவென்டஸின் பரம வைரியான டொரினோவின் கருஞ்சிவப்பு! அதே ஆண்டு பலம் வாய்ந்த கொரிந்தியன்ஸை வீழ்த்தியதால் ‘குறும்புக்காரப் பயல்’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. பெரிய கோப்பைகள் அதிகமில்லை. 1983-ல் தேசிய இரண்டாம் டிவிஷன் பட்டம், 2007-ல் மாநில அளவிலான பாவ்லிஸ்டா கோப்பை. அடுத்த ஆண்டே மாநில முதல் டிவிஷனிலிருந்து இறக்கம். ஆனால் 1970 உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியின் கோல்கீப்பர் ஃபெலிக்ஸ் ஆடத் தொடங்கியது இங்கேதான். இங்கே பயிற்சி பெற்ற சிறுவன் தியாகோ மோத்தா, பின்னாளில் டுரின் யுவென்டஸுக்கே பயிற்சியாளர் ஆனார்.

இவ்வளவு வரலாறு கொண்ட கிளப்பின் மைதானத்தில் சில ஆயிரம் பேர்தான் உட்கார முடியும். பல பத்தாண்டுகள் மின்விளக்கே இல்லாமல், பகல் வெளிச்சத்தில் ஆடினார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கார்னர் அடிக்க வரும் ஆட்டக்காரரின் மூச்சு வாங்கும் சத்தம்கூட ரசிகருக்குக் கேட்கும். இடைவேளை விசில் ஊதியதும் கூட்டம் ‘கன்னோலி’ வாங்க வரிசைகட்டும். பொரித்த மாவுக் குழலுக்குள் க்ரீம் அடைத்த இத்தாலியப் பலகாரம் அது. கடித்தால் நொறுங்கிச் சட்டையெல்லாம் உதிரும். நவீன கால்பந்து மீது தீராத வெறுப்பு என்று எழுதிய பதாகைகளோடு இளைஞர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியப் பாடுவார்கள்.

பெலே தன் கோல்களிலேயே அழகானது என்று சொன்னதும் இங்கே அடித்ததைத்தான். 1959 ஆகஸ்ட் 2. ஜுவென்டஸுக்கு எதிராக ஆடிய அவருக்கு வயது 18. தடுக்க வந்தவர்களின் தலைக்கு மேல் பந்தை ஒவ்வொருவராகத் தூக்கிக் கடத்தி, கடைசியில் கோல்கீப்பரையும் தாண்டித் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அதன் படப்பதிவு கிடையாது. 2004-ல் ஓர் ஆவணப்படத்துக்காகக் கணினியில் உருவாக்கிக் காட்டினார்கள். தன் வலைக்குள் கோல் போட்டவருக்கே ஜுவென்டஸ் இந்த மைதானத்தில் மார்பளவுச் சிலை வைத்திருக்கிறது. எத்தனை கிளப்புக்கு அந்த மனசு வரும்?

2021-ல் வந்த பிரேசில் சட்டம், கால்பந்துக்கான நிறுவனங்களில் மூலக் கிளப்புக்குச் சில உரிமைகளை விட்டுவைத்திருக்கிறது. பெயர், சின்னம், நிறம் ஆகியவற்றை மாற்றவோ, வேறு நகராட்சிக்குக் குடிபெயரவோ அதன் சம்மதம் வேண்டும். எந்த மைதானத்தில் ஆடுவது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. சாவ் பாவ்லோவோ பெருநகரம்; மோக்காவிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளிப் போயும் அதே நகராட்சிக்குள் இருக்க முடியும். ஆகவே, சொந்த ஊர் ஆட்டங்கள் ஜவரி தெருவில்தான் நடக்கும் என்பதை உறுப்பினர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். டிக்கெட் விலைக்கும் அதிலேயே ஒரு வரம்பு கட்ட வேண்டும்.

மாநிலக் கால்பந்து சம்மேளனத்துக்கும் பொறுப்பு உண்டு. கீழ் டிவிஷன் போட்டிகள் ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே முடிந்துவிடுகின்றன. ஆட்டமில்லாத மாதங்களில் வருமானம் ஏது? வீரர்கள் வேறு அணி தேடிப் போய்விடுகிறார்கள். ஆண்டின் இரண்டாம் பாதியில் நடக்கும் பாவ்லிஸ்டா கோப்பையை இன்னும் நீட்டி, சின்னக் கிளப்புகளுக்கு டிசம்பர் வரை ஆட்டம் கொடுத்தால், மைதானத்தை அடகு வைக்கும் நிலைமை பாதியாவது குறையும்.