பாதி மேற்கோள்

'பழகினால் இதயத் துடிப்பும் நம் சொற்படி கேட்கும். மேலை அறிவியலே இதை ஒப்புக்கொண்டுவிட்டது' என்று எழுதுவதும் பேசுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சான்றாக நீல் மில்லரின் எலிகள் வந்து நிற்கும். அந்த எலிகளின் கதையை நாம் முழுதும் படித்திருக்கிறோமா?

1960களில் மில்லரும் லியோ டிகாராவும் எலிகளுக்குக் குராரே என்னும் நஞ்சைக் கொடுத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்து, செயற்கை மூச்சில் வைத்தனர். துடிப்பு வேண்டிய திசையில் சற்றே மாறினாலும் மூளையின் இன்பப் பகுதியில் ஒரு மின்தூண்டல், அதுவே பரிசு. துடிப்பைக் கூட்டவும் குறைக்கவும், ஒரு காதின் இரத்தக் குழாய்களை மட்டும் விரிக்கவும்கூட எலிகள் கற்றுக்கொண்டன என்றனர். தன்னியக்க நரம்புகளும் பரிசுக்குப் பழகும் என்று 1969இல் 'சயன்ஸ்' இதழில் மில்லர் வாதிட்டார். நம் மேற்கோள் இங்கே நின்றுவிடுகிறது.

பின்னர் அதே சோதனைகளைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவுகள் கிட்டவில்லை. பாரி டுவர்க்கினுடன் சேர்ந்து மீண்டும் மீண்டும் முயன்ற மில்லர், தம் முடிவைத் தம்மாலேயே மறுபடி பெற முடியவில்லை என்பதை 1974இல் அச்சிலேயே ஒப்புக்கொண்டார். அவருடைய பெருமை நம் பார்வையில் இதில்தான் இருக்கிறது. நாமோ இதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுகிறோம்.

யோகிகளைக் காட்டுவோரும் உண்டு. இதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன யோகிகளை வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகியோர் இந்தியாவிலேயே சோதித்து 1961இல் முடிவை வெளியிட்டனர். மூச்சை அடக்கித் தசைகளை இறுக்கியபோது நாடி மங்கியது உண்மை. மின்வரைவிலோ இதயம் துடித்துக்கொண்டேதான் இருந்தது.

அப்படியானால் உடற்பயிற்றல் முழுதும் பொய்யா? இல்லை. மலத்தை அடக்க இயலாதோர் பலருக்கு, தசையின் அசைவைத் திரையில் காட்டிப் பழக்கும் முறை உதவுகிறது. ஆனால் அங்கே பழகுவது பெரும்பாலும் நம் ஆணைக்கு உட்பட்ட தசையே. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு 'மனம் வைத்தால் போதும்' என்று மேடையில் முழங்குகிறோம். அதைக் கேட்ட இரத்த அழுத்த நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? அழுத்தம் குறையாதபோது, தம் மனத்தில்தான் உறுதியில்லை என்று அவர் தம்மையே நொந்துகொள்வார். அந்தப் பழியில் நமக்கும் பங்குண்டு.

ஒரு சுவடியின் பாடவேறுபாட்டுக்காக மாதக்கணக்கில் வாதிடுபவர்கள் நாம். ஓர் ஆய்வு ஐந்தாண்டுகளுக்குப் பின் என்னவாயிற்று என்று தேடிப் பார்க்க மட்டும் ஏன் சோம்புகிறோம்?