குளிர்பதனப் பெட்டியின் இரண்டாவது விலை

குளிர்பதனப் பெட்டிக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, கடையில் ஒரே முறை கொடுப்பது. மற்றொன்று, மின்கட்டணமாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கொடுத்துக்கொண்டே இருப்பது. முதல் விலையைப் பேரம் பேசிக் குறைக்கத் தெரிந்த நாம், இரண்டாவது விலையை விசாரிப்பதே இல்லை. மானாவாரி நிலத்தையும் கூலி வருமானத்தையும் நம்பி வாழும் குடும்பங்கள் மிகுந்த தருமபுரி மாவட்டத்தில் இது சிறிய குறை அன்று. அந்த விலையைக் கணக்கிட வல்லவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். மாணவர்களே, அவர்கள் நீங்கள்தாம்!

குளிர்பதனப் பெட்டியை ஆடம்பரம் என்று நான் சொல்ல வரவில்லை. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாய்க்கு, முந்தின நாள் அரைத்த மாவு புளிக்காமல் இருப்பது பெரிய உதவி. நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்தாக வேண்டும். ஆகவே பெட்டி இருக்கட்டும். அதனோடு கணக்கும் இருக்கட்டும் என்பதே என் வாதம்.

இப்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே இறைக்கிறது. கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழம் கூடினால் உழைப்பும் கூடும். ஊற்று வேகமாகச் சுரந்தால் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே ஊற்று என்பது, சுவர் வழியே உள்ளே கசியும் வெப்பம். உள்ளே 4 டிகிரி, அறையில் 28 டிகிரி என்றால் வேறுபாடு 24. கோடையில் அறை 38 டிகிரி ஆனால் வேறுபாடு 34. கசியும் வெப்பம் 40 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடுகிறது, ‘ஆழமும்’ கூடுகிறது. அதனால்தான் பழக்கம் மாறாவிட்டாலும் கோடையில் யூனிட் ஏறுகிறது. அடுப்பின் அருகிலும், மேற்கு வெயில் காயும் சுவரை ஒட்டியும் பெட்டியை வைப்பவர்கள் ஆண்டு முழுவதும் கோடைக் கட்டணம் செலுத்துகிறார்கள் எனலாம்.

கதவைத் திறந்தால் கரண்டு போகிறது என்று வீட்டில் சிறுவர்களைத் திட்டுவது வழக்கம். இதையும் அளந்து பார்ப்போம். 200 லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழக் கால் கிலோகிராம். அதை 30 டிகிரி குளிர்விக்க நீக்க வேண்டிய வெப்பம் சுமார் 7,500 ஜூல். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர நீக்க வேண்டியதோ 1,05,000 ஜூல், பதினான்கு மடங்கு! காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்தால் முதல் எண் சற்று உயரும். ஆனாலும் ஒரு முறை கதவைத் திறப்பது பெருங்குற்றம் அன்று. சூடு ஆறாத குழம்புச் சட்டியை உள்ளே வைப்பதும், கதவின் ரப்பர் தேய்ந்து நாள் முழுதும் வெப்பம் நுழைவதுமே பெரிய செலவு. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதில் வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும்.

இரவில் பெட்டியை நிறுத்திவிடும் சிக்கனமும் பொருளற்றது. இரவெல்லாம் உள்ளே நுழைந்த வெப்பத்தைக் காலையில் இறைத்துத்தானே ஆக வேண்டும்? மிச்சமாவது சொற்பம். பாலும் குழம்பும் கெட்டால் இழப்பு அதைவிடப் பெரிது.

இனி உங்கள் வீட்டுப் பெட்டியின் செலவை அளக்கலாம். மின்னணு மீட்டரில் ஒரு சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். எத்தனை மினுக்கலுக்கு ஒரு யூனிட் என்பது மீட்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3,200 என்று கொள்வோம். பெரியவர்களின் அனுமதியுடன் மற்ற விளக்கு, விசிறிகளை நிறுத்திவிட்டு, பெட்டியின் மோட்டார் ஓடும்போது பத்து நிமிடம் எண்ணுங்கள். 64 மினுக்கல் என்றால் ஒரு மணிக்கு 384, அதாவது 0.12 யூனிட். மோட்டார் 20 நிமிடம் ஓடி 40 நிமிடம் ஓய்ந்தால், நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடுகிறது. செலவு 0.96 யூனிட், 60 நாளில் ஏறத்தாழ 58 யூனிட். எண்ணினால் போதும், கம்பி எதையும் தொட வேண்டாம்.

2016-ஆம் ஆண்டில் தமிழக அரசு, வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. நாம் எடுத்துக்கொண்ட பெட்டி ஒன்றே அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய பழைய பெட்டி நாளுக்கு 2 யூனிட் எடுத்தால், 120 யூனிட் ஆகி அந்த எல்லையையே தாண்டிவிடும். பிறகு விளக்கும் விசிறியும் முழுக்கக் கட்டணக் கணக்கில்தான் ஓடும். மலிவான பெட்டி மலிவான பெட்டி அன்று!

புதிதாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2006-இல் நட்சத்திரச் சீட்டு முறையைத் தொடங்கியது. எல்லோரும் நட்சத்திரங்களை எண்ணுகிறார்கள். நீங்கள் அதே சீட்டில் அச்சிட்டிருக்கும் ‘ஆண்டுக்கு இத்தனை யூனிட்’ என்ற எண்ணைப் படியுங்கள். ஒரு பெட்டியில் 150, மற்றொன்றில் 250 என்றிருந்தால், பத்து ஆண்டில் வேறுபாடு 1,000 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று கொண்டாலும் 5,000 ரூபாய்! முதலில் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் திறன் மிக்க பெட்டியே இலாபம்.

கட்டணம் இல்லாத யூனிட்டுக்கும் விலை உண்டு. நம் மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால் மேட்டூர் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்து மின்சாரம் தருகிறது. நிலக்கரியில் பிறக்கும் ஒவ்வொரு யூனிட்டோடும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. அந்த விலையைச் செலுத்தப்போகிறவர்கள் உங்கள் தலைமுறையினர்.

எல்லாவற்றையும் பெட்டிக்குள் திணிக்கவும் வேண்டியதில்லை. வறண்ட கோடைக் காற்றில் மண்பானை நன்றாகவே வேலை செய்யும்; நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குஜராத்தின் மன்சுக்பாய் பிரஜாபதி இதே தத்துவத்தில் மின்சாரம் வேண்டாத மண் குளிர்பெட்டியை உருவாக்கினார். குடிநீரும் தக்காளியும் மண்கலத்தில் இருக்கட்டும். பாலும் மருந்தும் பெட்டியில் இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பில் கிலோவாட் மணிக்கு விளக்கம் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பெட்டியின் யூனிட்டை அளந்து வந்து வகுப்பில் ஒப்பிட வேண்டும் என்று ஆசிரியர்கள் ஏன் பணிக்கக்கூடாது? ஒரு ரப்பர் மாறினாலும், ஒரு பெட்டி அடுப்பை விட்டு நகர்ந்தாலும், அந்தப் பாடத்தின் பயன் அடுத்த மின்கட்டண அட்டையிலேயே தெரியும்.