கடல்கோளும் கற்றார் கடனும்

தமிழ் இலக்கியம் பயில்வாருள் கடல்கோளை அறியாதார் இலர். பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுள் மறைந்த செய்தியைச் சிலப்பதிகாரம் கூறும். முதலிரு சங்கங்கள் விளங்கிய நகரங்களைக் கடல் கொண்டமையை இறையனார் களவியலுரை கூறும். புகார் நகரைக் கடல் கொண்டமையை மணிமேகலை கூறும். இவற்றைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறாத மாணவர் எம் வகுப்பில் ஒருவரும் இலர். இச்செய்திகளுள் வரலாறு எத்துணை, புனைவு எத்துணை என்னும் ஆராய்ச்சி அறிஞர்பாலதாகுக. யான் ஈண்டுக் கேட்கப் புகுவது வேறொன்று. இத்துணை நூல்களில் கடல்கோளை எழுதிவைத்த நாம், கடல் பொங்கும் நாளில் செய்யத்தக்கது யாது என்பதைக் கரையில் வாழ்வார்க்குச் சொல்லிவைத்தோமா? இல்லை என்பதே விடை. அதனால் விளைந்த கேட்டையும், அதனை நீக்கும் வழியையும் பற்றி என் கருத்தைச் சில சொற்களாற் கூற விழைகின்றேன்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை 6.29 மணிக்குச் சுமத்திராத் தீவின் மேற்கே கடலடி நிலம் அதிர்ந்தது. நிலவுலகின் மேலோடு பல பெருந்தட்டுகளால் அமைந்தது. அவற்றுள் இந்தியத் தட்டு, பர்மாத் தட்டின் கீழ் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் அளவு நுழைந்து செல்கின்றது. நுழையுமிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுதலின், மேலுள்ள தட்டு வில்லைப்போல் வளைந்து, நெடுங்காலம் விசையைச் சேர்த்து வைக்கும். பற்று விடும் நாளில் அவ்வில் நிமிரும். அன்று ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பற்று விட்டது. அதிர்ச்சியின் அளவு 9.1. கடலடி உயர்ந்தவிடத்து, அதன்மேல் நின்ற நீர் முழுவதும் உடனுயர்ந்தது. காற்றால் எழும் அலை கடலின் மேற்பரப்பை மட்டுமே அசைப்பது. இவ்வலையோ அடிமுதல் மேல்வரை நீர் அனைத்தையும் அசைப்பது. ஆதலின் ஆழ்கடலில் இதன் உயரம் மாலுமி உணராத அளவு சிறிதாயினும், விரைவு மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கரையை அணுகி ஆழம் குறையுந்தோறும் விரைவு தளரும்; உயரம் மிகும்.

அவ்வலை சென்னைக் கடற்கரையை அடைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவ்விரண்டரை மணி நேரத்தில் நம் கரையோர மக்களுள் மிகப் பலர்க்கு ஓர் எச்சரிக்கையும் எட்டவில்லை. பதினான்கு நாடுகளில் 2,20,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மட்டும் 30,000-க்கு மேற்பட்டோர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர். அவருள் 6,000-க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தார்.

இக்கணக்கினுள் என் குடும்பத்தாரும் ஒருவர் உளர். எம்மூர் குமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர். என் தந்தையாரின் தமக்கையார் தமிழிலக்கியத்தில் பட்டம் பெற்று, ஆசிரியையாகப் பணியாற்றியவர். அன்று காலை வழிபாடு முடிந்து வீடு திரும்பியவர், கடல் நெடுந்தொலைவு உள்வாங்கிப் பாறைகள் தெரிகின்றன என்று சிறுவர் கூவக் கேட்டு, அதனைக் காணச் சென்றார்; மீண்டிலர். யான் பிறந்தது அதன் பின்னரே. ஆதலின் அவ்வத்தையாரை யான் படத்திலன்றி நேரிற் கண்டதில்லை. அவருடைய கல்லூரிக் குறிப்பேடு எம் வீட்டுப் பெட்டியில் உள்ளது. சென்ற விடுமுறையில் அதனை எடுத்துப் படித்தேன். கடல்கோள்கள் பற்றிய வினாவுக்கு அவர் எழுதிய விடை நான்கு பக்கம் நீள்கின்றது. மேற்கோள்கள் பிழையின்றி உள்ளன. கடல் எங்ஙனம் வரும், வருமுன் என்ன குறி காட்டும் என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அஃது அவர் குற்றமன்று. அதனைக் கேட்பாரும் இலர், கற்பிப்பாரும் இலர். இன்று என் குறிப்பேட்டில் யான் எழுதியிருக்கும் விடையும் அத்தகையதே.

நிற்க. நடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அண்மையிலுள்ள சிமலுவே என்னும் தீவை நோக்குவோம். நமக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. அத்தீவின் வடகரையார்க்கு இருந்தது ஏறக்குறைய பத்து நிமிடமே. அங்கு வாழ்ந்தோர் 70,000-க்கு மேற்பட்டோர்; மாண்டோர் எழுவர். இவ்வியப்பின் காரணம் ஒரு சொல். 1907-ஆம் ஆண்டில் அத்தீவைக் கடல் தாக்கிப் பலரைக் கொன்றது. பிழைத்தவர் அந்நிகழ்ச்சியை ‘ஸ்மோங்’ என்னும் சொல்லால் தம் மக்கட்கு உரைத்தனர். நிலம் கடுமையாக அதிர்ந்து, பின்னர்க் கடல் வற்றுமாயின், பொருளை நோக்காது மேட்டுக்கு ஓடுக என்பதே அச்சொல் தாங்கிய அறிவுரை. கதையிலும் தாலாட்டிலும் அச்சொல் தொண்ணூற்றேழு ஆண்டுகள் வாழ்ந்தது. 2004-இல் அதனைக் கூவிக்கொண்டே ஊரார் மலைமேல் ஏறினர். அவர்தம் சொல் ஏட்டில் இல்லை, நாவில் இருந்தது. நம் சொல் ஏட்டில் இருந்தது, நாவில் இல்லை. நம் கரையோர் தம்மைத் தாக்கியதன் பெயரையே, மறுநாட் செய்தித்தாள் வாயிலாகச் ‘சுனாமி’ என்று ஜப்பானிய மொழியிற் கற்கலாயினர்.

இவ்வாறு கூறுவதால், கருவிகள் வேண்டா என்பது என் கருத்தன்று. சிமலுவேயில் நிலமே எச்சரித்தது. நம் கரையிலோ அவ்வதிர்ச்சியைப் பலர் உணர்ந்திலர். அன்றியும், அலை எப்போதும் கடல் வற்றியபின்னரே வரும் என்பதும் இல்லை. 2004-இல் நடுக்கத்தின் கீழ்த்திசைக் கரைகளில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்றிசையாகிய நம் பக்கத்தில் முதலில் சிற்றெழுச்சியும், அதன் பின்னர் உள்வாங்கலும், அதன் பின்னரே பேரலையும் வந்தன. ஆதலின் தொலைவில் நிகழும் நடுக்கத்தை அறியக் கருவி இன்றியமையாதது. 2007-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை நிலையம் நிறுவப்பெற்றது. 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் சுமத்திராவின் மேற்கே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது, நிலையம் எச்சரிக்கை விடுத்தது. கரையோர மக்கள் பலர் அகன்றனர். அன்று தட்டுகள் மேலெழாது பக்கவாட்டில் நழுவியமையால் பேரலை தோன்றவில்லை.

ஆயினும் கருவி சொல்வதைக் கடைசிக் குடிசை வரை கொண்டு செல்வது கருவியன்று. 2004-இல் புதுவையைச் சார்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் செய்தி சொன்னார், ஊர் அறிவு மையத்து ஒலிபெருக்கி அதனைப் பரப்பியது, ஊரார் பிழைத்தனர். 2018-இல் இந்தோனேசியாவின் பாலு நகரை நடுக்கம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அலை தாக்கியது. அத்தகைய இடத்தில் எந்நிலையமும் முந்த இயலாது; மக்கள் முன்னரே அறிந்திருக்கும் அறிவொன்றே முந்தும்.

நூறாண்டுக்கு ஒருமுறை வருவதற்காகக் குழந்தைகளை அச்சுறுத்தல் தகுமோ என வினவுவாரும் உளர். தீயைக் கண்டு விலகக் கற்பித்தல் அச்சுறுத்தல் அன்று. நூறாண்டுக்கு ஒருமுறை வருவதே மிகக் கொடியது, என்னை? கண்டவர் மறைந்துவிடுவர், காணாதவர் கரையில் வீடு கட்டுவர். இன்று இக்கல்லூரியில் பயிலும் எம்மனோர் பெரும்பாலோர் 2004-க்குப் பின் பிறந்தவர். மறதி தொடங்கிவிட்டது. அரசன் இந்திர விழாவை மறந்தமையால் புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை உரைக்கின்றது. கடலடித் தட்டு விழாவை நோக்கி நகர்வதன்று; ஆயினும் மறந்த ஊரே அழியும் என்னும் அளவில் அக்காப்பியம் உண்மை கூறிற்று எனலாம்.

ஆகவே, நாம் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, ஆண்டுதோறும் டிசம்பர் 26-இல் கடற்கரையூர்களில் மெழுகுவர்த்தி ஏற்றி வழிபடுகின்றோம். வழிபாடு முடிந்ததும் அவ்வூரார் அனைவரும் சிறாரொடு மேட்டிடம் வரை ஒருமுறை நடந்து செல்லுதல் வேண்டும். இத்தகைய பயிற்சியால் ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்னும் இரு சிற்றூர்கள் 2020-இல் யுனெஸ்கோவின் ஏற்பைப் பெற்றன. இரண்டாவது, கடல்கோளைக் கற்பிக்கும் தமிழாசிரியர், பாட்டோடு குறிகளையும் கற்பித்தல் வேண்டும்: நிலம் நெடுநேரம் அதிரினும், கடல் வழக்கிறந்து வற்றினும் பொங்கினும் மேட்டுக்குச் செல்க, முதலலை கடைசியலை அன்று, பல மணி நேரம் இறங்கற்க. 1854-இல் ஜப்பானிய ஊரொன்றில் ஒருவர் தம் நெற்போருக்குத் தீயிட்டு, இருளிற் சிக்கியோர்க்கு மேட்டின் வழியைக் காட்டினார். அவர் கதை அந்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றது. அதனை நினைந்தே நவம்பர் 5-ஆம் நாளை ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் சுனாமி விழிப்புணர்வு நாளாக்கிற்று. மூன்றாவது, தமிழ் பயிலும் நாம் விடுமுறையிற் கடற்கரையூர்களுக்குச் சென்று, கண்டவர் வாய்மொழியைக் கேட்டு எழுதி, அவர்தம் அம்பாப் பாட்டிலும் தாலாட்டிலும் அமையுமாறு இவ்வறிவைப் பாடித் தருதல் வேண்டும். பாட்டியற்றும் ஆற்றல் நம்மினும் அவர்பால் மிகுதி; நாம் பொருளைக் கொடுத்தால் போதும், பண்ணை அவர் கொடுப்பர்.

என் அத்தையார் குறிப்பேட்டில், அவ்விடையின் கீழே அரைப்பக்கம் எழுதப்படாமல் உள்ளது. அவ்விடத்தில் மேற்கூறிய குறிகளை எழுதி, எம்மூர்ச் சிறுவர் எழுவர்க்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரு சிறுவன் மட்டும், “மேடு எது அண்ணா?” என்று கேட்டான். எம்மூரில் மேடு எது என்பதை யானும் அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை. இருவரும் சென்று தேடினோம். ஒவ்வோரூரிலும் இவ்வினாவைச் சிறுவர் கேட்குமாறும், பெரியோர் உடனே விடையிறுக்குமாறும் செய்தலே கற்றார் கடன் என்பது என் துணிபு.