பிள்ளை சாக்குச் சொல்லவில்லை, வயிறு வலிக்கிறது

காலையில் ஒரு கிளாஸ் பால்மா. குடித்து ஒரு மணித்தியாலம் ஆகுமுன்னே வயிறு ஊதி, பிள்ளை கக்கூசுக்கு ஓடுகிறது. "பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிப்பு" என்று அதட்டுகிறோம். மறுநாளும் அதே கிளாஸ், அதே அதட்டல். நாவலப்பிட்டி டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் எத்தனை வீட்டில் இது நடக்கிறது! கண்ணூறு என்று திருநீறு பூசுகிறோம், பூச்சி மருந்து கொடுக்கிறோம். பால்மாவை மட்டும் நாம் சந்தேகிப்பதே இல்லை.

பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதியம் குழந்தைப் பருவத்தில் நிறையச் சுரந்து, பால்குடி மறந்தபின் பலருக்கு மெல்லக் குறைகிறது. உலகில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இப்படித்தான். உடைபடாத சர்க்கரை பெருங்குடலில் தண்ணீரை இழுக்கிறது. அங்குள்ள பக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்குகிறது. வலியும் வயிற்றோட்டமும் அதனால்தான். இதில் பிள்ளையின் பிடிவாதம் எங்கே இருக்கிறது? கம்பெனியை மாற்றிப் பார்ப்பதும் வீண். சாதாரணப் பால்மாப் பக்கெட் எதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ்தான். டின்பாலிலும் உண்டு, ஆட்டுப்பாலிலும் உண்டு. 2021 கடைசியிலும் 2022இலும் பால்மா கிடைக்காமல் கடைகடையாக அலைந்தோமே, அந்த நாட்களில் உங்கள் பிள்ளையின் வயிற்றுவலி குறைந்திருந்ததா? ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: யாரோ சொன்னார்கள் என்று பாலையும் தயிரையும் ஒரேயடியாக நிறுத்திவிடுகிறவர்கள். கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்ததும் தாய்ப்பாலையே நிறுத்துகிற வீடுகளும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வயிற்றோட்டத்தால் குடல் புண்பட்டு லாக்டேஸ் குறைந்தாலும், சில வாரங்களில் அது பெரும்பாலும் மீண்டுவிடும். தாய்ப்பால் தொடரவே வேண்டும்.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் லாக்டோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவிட்டு இடைவிட்டு ஊதச் சொல்லி, மூச்சில் ஹைட்ரஜன் கூடுகிறதா என்று பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அது கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டு வாரம் பாலை முழுதாக நிறுத்துங்கள். பால் தேத்தண்ணி, ஐஸ்கிரீம், பால் டொபி, பால்மா சேர்ந்த பிஸ்கட், ஏன், திரிபோஷாவிலும் பால்மா இருக்கிறது, எல்லாமே. சாப்பிட்டது என்ன, வலித்தது எப்போது என்று கொப்பியில் எழுதுங்கள். பிறகு மறுபடி பால் கொடுங்கள். நிறுத்தியபோது அடங்கிய வலி கொடுத்ததும் திரும்பினால் விஷயம் அநேகமாகத் தெளிவு. இரண்டாவது பாதியைச் செய்யாமல் விடுவதுதான் நம்மவர்களின் வழக்கம். அதைச் செய்யாமல் முடிவுக்கு வரக்கூடாது.

தெரிந்தபின்னும் பால் முழுதாக விலக்கு இல்லை. சோற்றோடோ பாணோடோ அரைக் கோப்பை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும். தயிர் இன்னும் நல்லது. அதிலுள்ள பக்டீரியாவே லாக்டோஸில் ஒரு பங்கை உடைத்துவிடுகிறது. "இந்த மழைக்கும் குளிருக்கும் தயிரா, சளி பிடிக்கும்" என்று சட்டித் தயிரை ஒதுக்கிவிட்டு, வயிற்றைப் புரட்டும் பால்மாவைத் திணிக்கிறோமே, இது என்ன நியாயம்? கல்சியத்துக்கு முள்ளோடு நெத்தலி, குரக்கன், எள்ளு, முருங்கைக்கீரை இருக்கின்றன. தேங்காய்ப்பாலில் லாக்டோஸ் இல்லை, ஆனால் கல்சியமும் அதிகம் இல்லை. அதைப் பசும்பாலுக்கு ஈடாக நினைக்க வேண்டாம்.

பால் குடித்ததும் உதடு வீங்கினால், உடம்பு தடித்தால், மூச்சு இழுத்தால் அது பால் ஒவ்வாமை, வேறு சங்கதி. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மலத்தில் இரத்தம் பட்டாலும், எடை ஏறாவிட்டாலும், வலி நடுஇரவில் பிள்ளையை எழுப்பினாலும் வீட்டுச் சோதனையில் நாளைக் கடத்தாதீர்கள். நாவலப்பிட்டி பொது வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து தேவையானால் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். போகும்போது அந்தக் கொப்பியையும் எடை குறித்த கிளினிக் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.