400-உம் 400-உம் ஒன்றா?

சென்ற மாதம் என் படிவம் 4 வகுப்பில் ஒளிவிலகல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு சண்டை. விஷயம் ஒளியைப் பற்றியதல்ல, பிக்கப் வாகனங்களைப் பற்றியது. "குதிரைத்திறன் எல்லாம் சும்மா சார், இழுக்கிறது டார்க்தான்" என்றான் ஒருவன். "நம்ம ஹைலக்ஸுக்கும் 500, அமெரிக்கா ஃபோர்டுக்கும் 500. ரெண்டும் ஒன்னுதான்" என்றான் மற்றவன். ஒளிவிலகலை ஓரமாக வைத்துவிட்டேன்.

முதலில் அந்த 500. நம் நாட்டில் விற்கும் 2.8 லிட்டர் டீசல் ஹைலக்ஸின் 500, நியூட்டன் மீட்டரில் சொல்லப்படுவது. அமெரிக்கர்களின் 500, பவுண்ட்-அடியில் சொல்லப்படுவது. ஒரு பவுண்ட்-அடி என்பது சுமார் 1.356 நியூட்டன் மீட்டர். ஆகவே ஃபோர்டின் 500 நம் கணக்கில் 678. அலகு எழுதாத விடைக்கு நான் ஒரு மதிப்பெண் குறைக்கும்போது முணுமுணுக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

இனி டார்க். தமிழில் இதை முறுக்குவிசை என்கிறோம். எனக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஏனென்றால் இது விசை அல்ல. விசையை, சுழலும் மையத்திலிருந்து அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது. நீங்கள் படித்த திருப்புத்திறனேதான். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரைப் படுக்கையாக மாட்டி, அதன் நுனியில் 69 கிலோ எடையுள்ள ஒருவர் தொங்கினால் கிட்டத்தட்ட 678 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடும். நம் கேண்டீன் அண்ணனே ஃபோர்டு எஞ்சினுக்குச் சமம்! ஆனால் துருப்பிடித்த நட்டு அசையவில்லை என்றால்? முறுக்குவிசை முழுதாக இருக்கிறது, நடந்த வேலை பூஜ்யம். திறனும் பூஜ்யம்.

எனவேதான் "இழுக்கிறது டார்க்" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. எவ்வளவு முறுக்குகிறது என்பதோடு, எவ்வளவு வேகமாகச் சுழன்றுகொண்டே முறுக்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் வருவதே திறன். ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரங்களைக் குதிரைகளோடு ஒப்பிட்டுச் சொன்ன அளவில் அதுவே குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் சுமார் 746 வாட்.

இப்போது ஓர் உண்மையான ஜோடியைப் பார்ப்போம். 2021 ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள். ஒன்று 5 லிட்டர் வி8, டர்போ இல்லாதது. மற்றது 3.5 லிட்டர் வி6, இரண்டு டர்போ கொண்டது. இரண்டுக்கும் 400 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு அதே 6,000 சுழற்சிகளில். ஆனால் உச்ச முறுக்குவிசை வி8-க்கு 4,250 சுழற்சிகளில் 556 நியூட்டன் மீட்டர். வி6-க்கு 3,100 சுழற்சிகளிலேயே 678.

கணக்கைப் போடுங்கள். 6,000 சுழற்சிகளில் 400 குதிரைத்திறன் என்றால், இரண்டு எஞ்சினும் அந்த நொடியில் தருவது ஒரே அளவு, சுமார் 475 நியூட்டன் மீட்டர். அங்கே வி6-இன் 678 எங்கே போனது? எங்கும் போகவில்லை, அது 3,100-இல் கிடைக்கும் எண். அந்த 3,100-இல் வி6 தருவது ஏறத்தாழ 220 கிலோவாட். வி8 அங்கே தன் உச்சமான 556-ஐயே கொடுப்பதாக வைத்துக்கொண்டாலும் 180-ஐத் தாண்டாது. காரணம் டர்போ: குறைந்த சுழற்சியிலேயே காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், ஒவ்வொரு வெடிப்பிலும் கூடுதல் பெட்ரோலை எரிக்க முடிகிறது.

அப்படியானால் பாரம் இழுக்க வி6-தான் வலிமையானதா? பிக்கப்பும் பின்னால் மாட்டிய டிரெய்லரும் சேர்ந்து 5 டன், 7 விழுக்காடு ஏற்றம், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்று வைப்போம். புவியீர்ப்பை எதிர்த்து ஏற மட்டும் ஏறத்தாழ 86 கிலோவாட் வேண்டும். காற்றுத் தடையும் டயர் உராய்வும் தனி. மலை கேட்பது திறனை. முறுக்குவிசை போதவில்லை என்றால் கியரை இறக்கினால் போதும். சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை பெருகும், அதற்கேற்ப எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். வி8 அதைத்தான் செய்கிறது. அது உறுமுவதைக் கேட்டு "திணறுகிறது" என்கிறோம். திணறவில்லை, வேலை செய்கிறது. கடல் மட்டத்தில், ஒரே எடையுடன், இரண்டும் முழு மூச்சில் ஏறினால் வேகத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. வி6 அடிக்கடி கியர் மாற்றாமல் அமைதியாக ஏறும், அவ்வளவே. நாள்தோறும் பாரம் இழுப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடல் மட்டத்தில் என்று சொன்னதைக் கவனித்தீர்களா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும் நெடுஞ்சாலை சுமார் 3,400 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. தானாக மூச்சிழுக்கும் வி8-இன் திறனும் கிட்டத்தட்ட அதே அளவு விழும். 400 என்பது 280-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தியே உள்ளே அனுப்புவதால் இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். ஆக, காகிதத்தில் ஒன்றாக இருந்த இரண்டு 400-உம் மலை உச்சியில் ஒன்றல்ல. டார்க் கட்சிக்காரன் இதைக் கேட்டுத் துள்ளினான். ஆனால் அங்கே வி6-ஐ ஜெயிக்க வைத்ததும் திறன்தான், தம்பி.

விளம்பரங்கள் உச்ச எண்கள் இரண்டை மட்டும் பெரிய எழுத்தில் போடுகின்றன. எந்தச் சுழற்சியில் எவ்வளவு என்று காட்டும் வளைகோட்டைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஆனால் விளம்பரத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருப்புத்திறனைப் படிவம் 2-இல் நடத்துகிறோம், திறனைப் படிவம் 3-இல் நடத்துகிறோம். இரண்டையும் இணைக்கும் அந்த ஒரு பெருக்கலை, சோதனையில் வராது என்று சொல்லி நானே பல ஆண்டுகள் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு பாடவேளை போதும் அதற்கு.

அன்று கரும்பலகையில் இரண்டு வளைகோடுகளையும் தோராயமாக வரைந்து முடித்தபோது மணி அடித்துவிட்டது. ஹைலக்ஸ் பையன் மட்டும் எழவில்லை. அவன் அப்பாவின் வண்டியில் 500 நியூட்டன் மீட்டர் எத்தனை சுழற்சிகளில் வருகிறது என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தான்.